புள்ளிவிபரக் கேள்வி திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவணைப் பரீட்சை முடிந்தால் எங்கள் இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் ஆசிரியர் ஓய்வறை மேசையெல்லாம் விடைத்தாள் கட்டுகள்தான். புதிதாக நியமனம் பெற்று வந்த கணித ஆசிரியர்கள் சிவப்புப் பேனாவோடு குனிந்திருப்பார்கள். கூட்டல் பிழை, பக்கம் புரட்டாமல் விடுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அனுபவம் வந்த பிறகும் போகாத பிழைகள் சில உண்டு. அவற்றைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரே பிழைக்குத் திரும்பத் திரும்பப் புள்ளி (மதிப்பெண்) வெட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 40 தொழிலாளர்கள் ஒரு நாளில் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை, கிலோகிராமில். ஒருவர் பறிக்கும் இடையை, அதாவது சராசரியைக் காண வேண்டும். வகுப்பாயிடைகள் 10–14, 14–18, 18–22, 22–26, 26–30. மீடிறன்கள், அதாவது ஒவ்வொரு வகுப்பிலும் உள்ள ஆட்கள், முறையே 4, 9, 14, 8, 5. கணக்கை இலகுவாக்க முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் எடுகொண்ட இடை 20 என்றால், ஒவ்வொரு வகுப்பின் நடுப்பெறுமானத்திலிருந்தும் அதைக் கழித்து வரும் விலகல்கள் −8, −4, 0, 4, 8. மீடிறனை விலகலால் பெருக்கிக் கூட்டினால் 4 வரும். அதை 40ஆல் வகுத்தால் 0.1. இடை 20.1 கிலோ. அடுத்த பகுதி, 250 பேர் பறிக்கும் கொழுந்தை மதிப்பிடுவது: 5025 கிலோ.

ஒரு பிள்ளை முதல் வரியில் −8க்குப் பதிலாக 8 என்று எழுதிவிட்டாள். கூட்டுத்தொகை 68, இடை 21.7, கடைசி விடை 5425 கிலோ. பிழை ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு அவள் பெருக்கியது, கூட்டியது, 40ஆல் வகுத்தது, 20ஓடு சேர்த்தது, 250ஆல் பெருக்கியது எல்லாமே சரி.

திருத்தியவர் என்ன செய்தார்? எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று விடையோடு எழுதிய புள்ளித்திட்டத்தில் இருந்த இலக்கங்களோடு ஒப்பிட்டார். ஒத்துப்போகாத இடமெல்லாம் வெட்டினார். 10க்கு 3. நியாயமாகப் பார்த்தால் விலகலுக்கான 1 புள்ளிதான் போக வேண்டும். 9 கிடைக்க வேண்டிய தாள் அது.

போன 6 புள்ளி சின்ன விஷயமில்லை. பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் கணிதத்தில் முதல் வினாத்தாளுக்கு 100, இரண்டாவதற்கு 100, மொத்தம் 200. அதை நூறுக்கு மாற்றும்போது 6 புள்ளி, 3 ஆக வரும். சாதாரண சித்தி 35இல் தொடங்குகிறது. 32இல் நிற்கும் பிள்ளையை அந்தப் பக்கம் சேர்ப்பதும் இந்தப் பக்கம் தள்ளுவதும் இந்தக் கேள்விதான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் தம்பி தங்கச்சிக்கு நடுவே உட்கார்ந்து படித்துவிட்டு வரும் பிள்ளை அவள். "சேர், நான் வகுத்தது சரிதானே, அதுக்கும் ஏன் வெட்டியிருக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்டது முழுக்க முழுக்க நியாயம்.

ஆகவே பிழை தொடங்கும் இடத்தில் வட்டமிடுங்கள், அங்கே மட்டும் குறையுங்கள். பிறகு பிள்ளையின் இலக்கத்தையே கையில் எடுத்துக்கொண்டு, கால்குலேட்டரில் போட்டு, வரிக்கு வரி தொடருங்கள். நேரம் எடுக்கும்தான். எடுக்கட்டும்.

எல்லை ஒன்றும் உண்டு. தரவெல்லாம் 10க்கும் 30க்கும் இடையில் இருக்க, இடை 45 என்று வந்தால் பிள்ளைக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அங்கே முறைக்கான புள்ளியைக் கொடுப்பேன், விடைக்கானதைக் கொடுக்க மாட்டேன். வேறு ஆசிரியர் வேறு மாதிரி நினைக்கலாம். எதுவானாலும் முதல் தாளைத் தொடும் முன்னரே பேசி முடிவெடுத்து, புள்ளித்திட்டத்தில் எழுதிவிட வேண்டும். பாதிக் கட்டு முடிந்த பிறகு மனம் மாறினால், திருத்திய பாதியையும் திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

உங்கள் எடுகொண்ட இடையையே பிள்ளையிடமும் தேடுவது

கேள்வியில் குறிப்பிட்டுக் கேட்காதவரை பிள்ளை 24ஐ எடுக்கலாம். அப்போது கூட்டுத்தொகை −156, வகுத்தால் −3.9, இடை அதே 20.1. அட்டவணை முழுக்க வேறாகத் தெரிகிறதே என்று வெட்டிவிடாதீர்கள்.

வரைபில் ஒரே ஒரு விடையை மட்டும் ஏற்பது

இதே தரவுக்கு, மீடிறன்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய்த் திரள் மீடிறன் வளையி வரைந்தால், இடையம் (வரிசையின் நடுப் பெறுமானம்) 20 கிலோவை ஒட்டி வரும். கையால் வரைந்த வளையியில் எல்லாருக்கும் 20 என்றே வராது. வரைபுத்தாளில் எத்தனை சின்னச் சதுரம் வரை வித்தியாசத்தை விடலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். வகுப்பின் மேல் எல்லையில் போட வேண்டிய குறியை நடுப்பெறுமானத்தில் போட்ட பிள்ளைக்கு, குறித்ததற்கான புள்ளி போகும். அந்த வளையியிலிருந்து காலணையை (தரவைக் கால் பங்குகளாகப் பிரிக்கும் பெறுமானம்) சரியாக வாசித்திருந்தால் வாசித்ததற்குக் கொடுக்க வேண்டும்.

பெயரைப் பார்த்துத் திருத்துவது

வேண்டாம். முதல் பக்கத்தை மடித்து வையுங்கள்.

தாள் தாளாக முடிப்பது

ஒரு கேள்வியை எல்லாத் தாளிலும் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். காலையில் கொடுத்த புள்ளியும் இரவு மின்குமிழ் வெளிச்சத்தில் கொடுக்கும் புள்ளியும் அப்போதுதான் ஓரளவாவது ஒன்றாக இருக்கும். கட்டு முடிந்ததும் முதலில் திருத்திய சில தாள்களை மறுபடி பாருங்கள். கை எப்போதும் தொடக்கத்தில்தான் இறுகியிருக்கும். இன்னொரு கணித ஆசிரியர் இருந்தால், உங்கள் புள்ளியை மறைத்து அதே தாள்களை அவரிடம் கொடுங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் உட்கார்ந்து பேசிவிட்டு, அந்தக் கேள்வியை முழுக் கட்டிலும் திரும்பப் பார்க்க வேண்டும்.