முதல் சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டியது
மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் படிப்பை முடித்துப் பட்டறையிலோ கடையிலோ முதல் வேலைக்குச் சேரும் இளையோர் பலர், கைக்கு வரும் தொகையைப் பார்த்த கையோடு சம்பளச் சீட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். அதிலுள்ள ஊழியர் சேமநிதி (ஓய்வுக்கால சேமிப்பு) பிடித்தத்தை அவசியம் கவனியுங்கள். மாதச் சம்பளம் 2,000 ரிங்கிட் என்றால், உங்கள் பங்கான 11 விழுக்காட்டையும் (220 ரிங்கிட்) தம் பங்கான 13 விழுக்காட்டையும் (260 ரிங்கிட்) சேர்த்து, முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தியாக வேண்டும். சீட்டில் கழித்திருப்பதாலேயே பணம் போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பிவிடாமல், சேமநிதி வாரியத்தின் ஐ-அக்காவுன் செயலியைக் கைப்பேசியில் நிறுவி, மாதந்தோறும் அந்தத் தேதிக்குப் பிறகு சரிபாருங்கள். தொகை ஏறவில்லையென்றால், தெரிந்தவர் கடையாயிற்றே என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அதற்கும் பலனில்லையென்றால், சம்பளச் சீட்டுகளுடன் சேமநிதி அலுவலகத்தில் புகார் செய்யலாம்.