வால்யூம் திருகினால் கரகரக்கிறதா? கன்ட்ரோலை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

ஆம்பிளிஃபயரில் வால்யூமைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடினாலோ, கன்ட்ரோல் போச்சு என்று உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். உள்ளே ஒரு கார்பன் பட்டை, அதன்மேல் உரசிக்கொண்டு போகும் சின்ன உலோக நாக்கு, இடையில் தூசி சேர்ந்தால் தொடர்பு அறுந்து அறுந்து வரும். பல செட்டுகளில் விஷயம் இவ்வளவுதான்.

ஆனால் கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை இதற்குள் அடிக்காதீர்கள். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அப்புறம் அந்த எண்ணெயிலேயே தூசி ஒட்டி முன்பைவிட மோசமாகும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்கி, தண்டின் பக்கம் அடிக்காமல், கால்கள் வெளியே வரும் சந்தில் கொஞ்சமாக அடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 20, 30 தடவை திருகி, நன்றாகக் காய்ந்த பிறகு கரண்ட் கொடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று நேராக உள்ளே கை வைக்கவும் கூடாது. பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது இன்னும் பெரிய தவறு. 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிளையரால் குறுக்கே ஒரு நிமிடம் பிடித்து, வோல்ட் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பாருங்கள்.

சுத்தம் செய்தும் கரகரப்பு போகவில்லையா? கன்ட்ரோலுக்கு முன்னால், பாட்டை மட்டும் விட்டு டிசி வோல்டைத் தடுக்கும் கப்ளிங் கெபாசிட்டர் லீக் ஆகி, கன்ட்ரோலுக்கு டிசி வருகிறதா என்று அளந்து பாருங்கள். வந்தால், புதுசு போட்டாலும் அதே சத்தம்தான்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றால், 50 கிலோ ஓம் என்ற மதிப்பை மட்டும் சொல்லி வாங்கி வந்துவிடாதீர்கள். இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். வால்யூமுக்கு லாக் வகை வேண்டும், அதாவது திருகும்போது ரெசிஸ்டன்ஸ் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறுவது. ஒரே சீராக ஏறும் லீனியரைப் போட்டால் கால் சுற்றுக்குள் வீடே அதிரும், மீதி முக்கால் சுற்றில் பெரிதாக ஒன்றும் மாறாது. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர், ஆனால் பழைய ஐரோப்பிய செட்டுகளில் இந்த எழுத்துகள் மாறியிருக்கும் என்பதால் மீட்டரை நம்புவதே மேல். கன்ட்ரோலைத் தனியாகக் கழற்றி, குமிழைச் சரியாக நடுவில் நிறுத்தி, நடுக்காலுக்கும் கிரவுண்ட் காலுக்கும் (குமிழை முழுசாகக் குறைத்தால் நடுக்கால் சேரும் ஓரக்கால்) இடையே அளந்தால் 50 கிலோ ஓம் லீனியரில் 25 கிலோ ஓம் வரும், லாகில் 5 முதல் 8 வரைதான் காட்டும். போர்டில் இருக்கும்போதே அளந்தால் மற்ற பாகங்களும் சேர்ந்து தப்பாகக் காட்டும். ஸ்டீரியோ என்பதால் 6 கால் உள்ள இரண்டடுக்கு கன்ட்ரோல் வேண்டும், 8 கால் இருந்தால் லவுட்னஸுக்கு (சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸைத் தூக்கிக் கொடுக்கும் வசதி) தனி இணைப்பு இருக்கிறது, அதே மாதிரிதான் தேட வேண்டும்.

ஈயம் வைத்து முடித்ததும் நல்ல ஸ்பீக்கரை மாட்டிவிடாதீர்கள். கிரவுண்ட் கால் சரியாக ஒட்டவில்லை என்றால் குமிழை எவ்வளவு குறைத்தாலும் சத்தம் முழுசாகத்தான் வரும். முதல் தடவை ஏதாவது பழைய ஸ்பீக்கரில் ஓட்டிப் பாருங்கள்.