தறி ஓடும் நேரத்தில் சோதியுங்கள்: வொர்க்ஸ்டேஷன் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கத்தில் ஜக்கார்டு டிசைன் போடும் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய சிறிய அறையில்தான் இருக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் இரண்டாம் கையாக வாங்கிய டெல் பிரிசிஷன், எச்பி இசட் வரிசை இயந்திரங்கள்; கனமான வேலைக்கென்று செய்த இவற்றைத்தான் வொர்க்ஸ்டேஷன் என்கிறோம். நல்ல சரக்குதான். அவை பகலில் திடீரென்று அணையும். உடனே அதைச் சாக்கில் சுற்றி, வண்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோவார்கள். கடையில் குளிர்ந்த அறை, சீரான மின்சாரம், தூசி இல்லை. நாள் முழுதும் அணையாமல் ஓடும். கடைசியில், "எதற்கும் மதர்போர்டை மாற்றிவிடலாம்" என்று ஒருவர் சொல்வார்.

அப்படி மாற்றிய பிறகும் அணைந்த இயந்திரங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு இப்படி வீணாவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இயந்திரம் இருக்கும் இடத்திலேயே, பழுது வரும் நேரத்திலேயே சோதியுங்கள்.

முதலில் கேள்விகள். எங்கள் ஊரில் ஒருவர், "அண்ணா, தானாக அணைகிறது" என்பார். அடுத்தவர் தெலுங்கில், "ஆகிபோயிந்தி அண்ணா" (நின்றுபோய்விட்டது) என்பார். இரண்டு பேரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். எத்தனை மணிக்கு நடந்தது? அப்போது எந்த மென்பொருள் திறந்திருந்தது? பக்கத்தில் எத்தனை தறி ஓடியது? பதிலை எழுதிவையுங்கள். பிறகு டிசைன் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். சாகும் நிலையில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைச் சோதனையே கொன்றுவிடலாம் என்பதால் நகல் எடுக்காமல் எந்தச் சோதனையும் தொடங்க வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட் அளவில் வைத்து, சிஸ்டம் செருகும் அதே பிளக் பாயின்ட்டில் பாருங்கள். பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த்திங்கைச் சரிபார்க்க வேண்டும்; கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளக்கும்போதே தறிகளை ஒவ்வொன்றாக ஓடவிடச் சொல்லுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் எண் சரிவது தெரியும்.

ஆனால் மீட்டருக்குத் தெரியாத சரிவும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுழற்சிக்கு 20 மில்லிவினாடி. முழுச் சுமையில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி), உள்ளே மின்சாரம் வராமல் தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான், சிலவற்றில் அதைவிடக் குறைவு. அந்த நேரத்துக்குள் மீட்டரின் எண் மாறுவதற்கே வாய்ப்பில்லை. எனவே வீட்டுப் பக்கத்து லைனிலிருந்து நல்ல எக்ஸ்டென்ஷன் இழுத்து, அதில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அணைவது நின்றுவிட்டால் குற்றவாளி கம்ப்யூட்டர் அல்ல. யுபிஎஸ்ஸையும் தனியாகச் சோதியுங்கள்: சிஸ்டத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு 100 வாட் குண்டு பல்பை மாட்டி, மெயின் பிளக்கை உருவுங்கள். பல்பு உடனே அணைந்தாலோ மங்கினாலோ பேட்டரி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மூடியைத் திறக்கலாம். பவர் கேபிளை உருவி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திவிட்டு, கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மின்விசிறி சுத்தமாகத்தான் தெரியும். பஞ்சு அதற்குப் பின்னால், விசிறிக்கும், சில்லின் வெப்பத்தை இழுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். விசிறியின் திருகுகளைக் கழற்றித் தூக்குங்கள். தகடுகளின் மேல் கம்பளி போல ஒரு படலம் இருக்கும். ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக இழுத்தால் முழுதாக ஒரே துண்டாக உரிந்து வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்த வாரம் தறியில் ஓடிய நூலின் நிறம்கூட அதில் தெரியும். அந்தப் படலத்தை உரிக்காமல் புளோயர் மட்டும் அடித்தால் அது தகடுகளுக்குள் இன்னும் இறுகும். புளோயர் அடிக்கும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும். எஸ்எம்பிஎஸ்ஸின் காற்றுவழியையும் ஊதிவிடுங்கள், ஆனால் அதைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

தேதியும் நேரமும் அடிக்கடி பின்னால் போகிறதென்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரியை மாற்றுங்கள். அது 3 வோல்ட் பேட்டரி. அதோடு அந்த வேலை முடிந்தது.

நிறுவனங்கள் இயந்திரத்துக்குள்ளேயே வைத்திருக்கும் சோதனையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. இயக்கியதும் டெல்லில் எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸைத் தேர்ந்தெடுங்கள். எச்பியில் எஃப்2, லெனோவோ திங்க்ஸ்டேஷனில் எஃப்10. விண்டோஸ் ஏறாத நிலையிலும் இது ஓடும். பிழை வந்தால் திரையில் வரும் எண்ணைப் புகைப்படம் எடுங்கள். டெல்லில் 2000-0142 என்று வந்தால் ஹார்ட் டிஸ்க் தன் சுயசோதனையில் தோற்றது என்று பொருள். திரையே வராவிட்டால் பவர் விளக்கைக் கவனியுங்கள். அண்மைக்கால டெல் இயந்திரங்களில் ஆரஞ்சு இரண்டு, வெள்ளை மூன்று என்று கண்சிமிட்டினால் ரேம் கண்டறியப்படவில்லை. ரேம் பட்டையைக் கழற்றி, தொடுமுனைகளைத் துடைத்து, கிளிக் என்ற ஒலி கேட்கும்வரை அழுத்தி மாட்டினால் பல நேரம் இது தீர்ந்துவிடும்.

ரேமைச் சந்தேகித்தால் பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ரேம் சோதனை மென்பொருளை ஏற்றி இரவு முழுதும் ஓட விடுங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், "ஒன்றுதானே" என்று விடாதீர்கள். பட்டைகளைத் தனித்தனியாக மாட்டி எது என்று பாருங்கள். அதே பட்டையை வேறு ஸ்லாட்டிலும் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். இந்த இயந்திரங்கள் பலவற்றில் இசிசி ரேம் இருக்கும். அது சிறு பிழைகளைத் தானே திருத்திக்கொள்வதால் சோதனை சுத்தமாகக் காட்டலாம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'வியா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் திருத்தப்பட்ட பிழைகள் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கேயே கெர்னல் பவர் 41 என்ற பதிவும் இருக்கும். அதைக் காட்டி எஸ்எம்பிஎஸ் விற்பவர்கள் உண்டு. முறையாக மூடப்படாமல் இயந்திரம் நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்வதில்லை.

டிஸ்க்கைப் பார்க்கக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். ஹார்ட் டிஸ்க்கில் 5, 197, 198 (திரையில் 05, C5, C6 என்று தெரியும்) என்ற வரிசைகளின் மூல எண்ணைப் (Raw Values) பாருங்கள். பூஜ்யமாக இருப்பதே நல்லது, வாரத்துக்கு வாரம் ஏறினால் புதியது வாங்குங்கள். 199 (திரையில் C7) மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் நல்லதுதான், அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் அணைகிறதா? பிற்பகல் இரண்டு மணிக்கு, எல்லாத் தறிகளும் ஓடும்போது, ஜன்னல் எப்போதும்போல் இருக்கட்டும். இயந்திரத்தை முழு வேகத்தில் வேலை வாங்கும் ஒரு சுமைச் சோதனை மென்பொருளை ஓட விடுங்கள். பக்கத்திலேயே வெப்ப அளவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பல இன்டெல் சில்லுகளுக்கு 100 டிகிரி எல்லை. அதை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைக்கும். எண் நிற்காமல் ஏறினால், சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றும் நேரம். வெப்பம் அடங்கியிருக்கும்போதே அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாருங்கள். ஒத்த மாடலிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். இந்த வகை இயந்திரங்கள் பலவற்றில் கனெக்டர்களே வேறு என்பதால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக இயக்கிப் பார்க்கப் பச்சை வயரைக் கறுப்போடு இணைக்கும் வித்தையையும் இவற்றில் முயல வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் அதே இடத்தில், அதே பிற்பகலில், அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். தேதி, மின்னழுத்தம், உச்ச வெப்பம், மாற்றிய பொருள் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி, பக்கவாட்டு மூடியின் உட்புறம் காற்றுவழியை மறைக்காத மூலையில் ஒட்டிவிடுங்கள்.