சர்நேம் கட்டத்தில் நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் மயிலாப்பூரில் ஒரு பிரவுசிங் சென்டர். பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் 'சர்நேம்' கட்டத்துக்கு வந்ததும் விழித்தான். "இதுல என்னண்ணா போடுறது?" கடைக்காரர் நிமிரவே இல்லை. "இனிஷியலைப் போடு தம்பி."

அதுதான் முதல் தவறு. பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். விரித்தால் நம்மில் பலருக்கு வருவது அப்பா பெயர். அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொள்வது அடுத்த தவறு. சி.வி. ராமனையும் எஸ். சந்திரசேகரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள். இருவரும் இயற்பியலில் நோபல் வாங்கியவர்கள், ஒருவர் 1930இல், மற்றவர் 1983இல். ராமன், சந்திரசேகருக்குச் சொந்தச் சித்தப்பா! ஆனால் பொதுவாக ஒரு சர்நேம் கிடையாது. ராமனின் 'சி' அவர் அப்பா சந்திரசேகர ஐயர். 'எஸ்' என்பது ராமனின் அண்ணன் சுப்பிரமணியன். அவர் தன் மகனுக்குத் தாத்தா பெயரை வைத்தார், அவ்வளவுதான். சர்நேமை வைத்து உறவு தேடினால் இந்தச் சித்தப்பாவும் மகனும் அகப்படவே மாட்டார்கள்.

நம் செஸ் ஆனந்தை வெளிநாட்டில் சிலர் 'மிஸ்டர் விஸ்வநாதன்' என்பார்கள். கூப்பிடுவது அவர் அப்பாவை.

சரி, இனிஷியல் என்றாலே அப்பாதான் என்று முடிவுகட்டலாமா? அதுவும் தப்பு. பிரக்ஞானந்தாவின் 'ஆர்' அப்பா ரமேஷ்பாபு. ஆனால் 2024இல் உலக சாம்பியனான குகேஷின் 'டி', தொம்மராஜு என்ற தெலுங்குக் குடும்பப் பெயர். அவர் அப்பா பெயர் ரஜினிகாந்த். இரண்டு வகையும் இதே சென்னையில்தான்.

வம்பே வேண்டாம் என்று கட்டத்தைக் காலியாக விட்டால்? பாஸ்போர்ட் வந்துவிடும். ஆனால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று மூன்றெழுத்து உட்கார்ந்துகொள்ளும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். என்னைக் கேட்டால் அப்பா பெயரையே போட்டுவிடலாம். ஆனால் ஆதார், மதிப்பெண் பட்டியல், விமான டிக்கெட் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 'எச்' கூடி, இன்னொன்றில் குறைந்தால் அலைச்சல்தான்.

அந்தப் பையன் கடைசியில் வீட்டுக்கு போன் போட்டான். "அப்பா, உங்க பேரைத்தான் சர்நேமா போடப்போறேன்." ஸ்பீக்கரில் அவர் குரல் எங்களுக்கும் கேட்டது:

"அப்போ என் பாஸ்போர்ட்ல இருக்கிற சர்நேம் யாரோடதுடா?"