அது டாங்கி இல்லை, தம்பி

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் வீட்டு பிராய், அதாவது தணலில் கறி சுடும் விருந்து. கறி வெந்துகொண்டிருக்கும்போது மருமகன் போனை நீட்டி, "மாமா, நம்ம நாட்டு டாங்கி பாருங்க, குழாய் எவ்வளவு நீளம்!" என்றான். படத்தில் இருந்தது ஜி6 ரைனோ. 6 சக்கரம், 155 மில்லிமீட்டர் பீரங்கி. டாங்கி இல்லை. நான் பேச ஆரம்பித்ததில் கறி ஆறிப்போனது. பேசியதில் உருப்படியானதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. சுழலும் கூண்டு, நீளக் குழாய், ஏறக்குறைய 47 டன் எடை, இதையெல்லாம் பார்த்தால் யாருக்கும் டாங்கி என்றுதான் தோன்றும். நம் செய்திகளும் இரண்டையும் 'பீரங்கி வண்டி' என்றே எழுதிவிடுகின்றன. ஆனால் டாங்கி எதிரியைக் கண்ணால் பார்த்து நேராகச் சுடும். அதற்காகத்தான் அதன் முகத்தில் அவ்வளவு தடித்த கவசம். ஜி6 சுடும் இலக்கு அதன் ஆட்களின் கண்ணுக்கே தெரியாது. மலைக்குப் பின்னால் நின்று குழாயை உயர்த்திச் சுடும், குண்டு வளைந்து போய் விழும். இலக்கு எங்கே என்று முன்னால் இருக்கும் ஒரு பார்வையாளரோ ட்ரோனோ சொல்ல வேண்டும். கவசம் துப்பாக்கிக் குண்டையும் வெடிச் சிதறலையும் தாங்கும், அவ்வளவுதான். இந்த வண்டி டாங்கிக்கு எதிரே போய் நின்றால், அன்றைக்கு யாரோ பெரிய தப்புச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்த குழப்பம் நாமே உண்டாக்கியது. சிலர் இதைத் 'தானியங்கி பீரங்கி' என்று எழுதுகிறார்கள். படிப்பவர் ஆளே இல்லாமல் தானாகச் சுடும் என்று நினைத்துக்கொள்கிறார். ஜி6-இல் 6 பேர் வேலை செய்கிறார்கள். இழுக்க லாரி வேண்டாம், தானே ஓடும் என்பதுதான் விஷயம். 'தானே நகரும் பீரங்கி' என்று சொன்னால் போதும்.

சரி, தானே ஓடுவதில் அப்படி என்ன இருக்கிறது? வேகமாக முன்னால் போகத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சுட்ட இடத்தை விட்டுக் கிளம்புவதுதான் அதைவிட முக்கியம். இதைப் புரிந்துகொள்ள நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்திலேயே, லேடிஸ்மித்தில், ஒரு கதை இருக்கிறது.

1899-இல் போயர்கள் (டச்சு வம்சாவளி வெள்ளையர்கள்) பிரிட்டிஷார் வசம் இருந்த அந்த ஊரை முற்றுகையிட்டபோது, சுற்றியிருந்த குன்றுகளில் 'லாங் டாம்' பீரங்கிகளை ஏற்றினார்கள். பிரான்சின் க்ரூஸோவில் செய்தவை. அவையும் 155 மில்லிமீட்டர்தான்! மாடு பூட்டித்தான் இழுக்க வேண்டும். ஊருக்குள் பிரபு சிங் என்ற ஒப்பந்தத் தொழிலாளி மரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பார். உம்புல்வானா குன்றுப் பீரங்கி சுட்டது கண்ணில் பட்டதும் மணி அடிப்பார். குண்டு வந்து விழுவதற்குள் கிடைக்கும் அந்தச் சில நொடிகளில் ஜனங்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். காந்தி இதை எழுதி வைத்திருக்கிறார்.

அதே முற்றுகையில், டிசம்பர் 7 இரவு, பிரிட்டிஷ் படை கன் ஹில் குன்றில் ரகசியமாக ஏறி அங்கிருந்த லாங் டாமுக்கு வெடி வைத்துச் சேதப்படுத்தியது. அது எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், நினைத்த நேரத்தில் நகரவும் அதனால் முடியாது.

இன்று பிரபு சிங்கின் வேலையை ரேடார் செய்கிறது. பறக்கும் குண்டின் பாதையைப் பிடித்து, அது எங்கிருந்து கிளம்பியது என்று கணக்கிடுகிறது. சில நிமிடங்களில் பதில் குண்டு வந்துவிடும். அதனால் ஜி6 வந்து நின்று, காலூன்றி, ஒரு நிமிட அளவில் முதல் குண்டைச் சுடும், சிலவற்றைச் சுட்டுவிட்டு இடத்தைக் காலி செய்யும். கவசத்தை விட இந்த ஓட்டம்தான் அதைக் காப்பாற்றுகிறது.

தூரக் கணக்கில்தான் வாட்ஸ்அப் மாமாக்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். "76 கிலோமீட்டர்!" 2019-இல் வடக்கு கேப் அல்கண்ட்பான் சோதனைத் தளத்தில் அந்தத் தூரம் சுடப்பட்டது உண்மை. ஆனால் அது 52 காலிபர் குழாய் (குழாயின் நீளம் அதன் வாய் அகலத்தைப்போல் 52 மடங்கு), தனிச் சிறப்பான குண்டு. வழக்கமான ஜி6-க்கு 45 காலிபர், அதாவது 155-ஐ 45-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 7 மீட்டர் குழாய். சாதாரண குண்டு 30 கிலோமீட்டர் போகும். அடிப்பாகத்தில் வாயுவைக் கசியவிடும் வகை 39 வரை போகும். பறக்கும் குண்டின் பின்னால் காற்றழுத்தம் குறைந்த இடம் உண்டாகி அதைப் பின்னுக்கு இழுக்கும். அந்த இடத்தை வாயு நிரப்புவதால் இழுப்பு குறைகிறது. எந்தக் குழாய், எந்த வெடிமருந்து, எந்தக் குண்டு என்று சொல்லாமல் தூரத்தை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை.

சக்கரமா சங்கிலிப் பட்டையா என்ற சண்டைக்கு ஒரே பதில் கிடையாது. இந்தியாவின் தானே நகரும் பீரங்கியான வஜ்ரா பட்டையில் ஓடுகிறது. தென்னாப்பிரிக்கா தூரம் அதிகமான நாடு, சாலையில் தன் காலிலேயே வேகமாகப் போக வேண்டும் என்று சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தது. பாலைவன நாடான ஓமான்கூட அதை வாங்கியது. சக்கர வண்டி என்றால் மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

1987-இல் அங்கோலாவில் தென்னாப்பிரிக்கப் பட்டாளம் ஜி6-இன் முன்மாதிரி வண்டிகளையே போருக்கு இறக்கியது. அவற்றில் ஒன்று இன்ஜின் கோளாறால் படுத்துவிட்டது. அந்தப் பட்டாளம் காத்தது வெள்ளையரின் நிறவெறி ஆட்சியை என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பீரங்கியை மெச்சும்போது அதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

கடைசியாக, வண்டியை மட்டும் பார்த்து அதன் பலத்தை அளக்காதீர்கள். ஒரு குண்டு சுமார் 45 கிலோ. வண்டிக்குள் அப்படி 45 இருந்தாலே 2 டன். நிமிடத்துக்கு 3 வீதம் சுட்டால் கால் மணியில் காலி. பின்னால் லாரி வரவில்லையென்றால் அப்புறம் அது வெறும் 47 டன் இரும்பு. இதைச் சொன்னதும் மருமகன் சிரித்தான். அவன் விளையாடும் கேமில் குண்டு தீர்வதே இல்லையாம்.