புதிதாக வீடியோ கேம் ஆடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மை மாதங்களில் நான் ஆடிய கேம்களை உறவினர் வீட்டுப் பிள்ளைகளும் உடன் பணிபுரிவோரும் கேட்டு வாங்கி ஆடத் தொடங்கியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, எங்கள் நண்பர் வட்டம் முழுவதும் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகள் வரிசை மாறாமல் திரும்பி வருவது தெரிகிறது. சேவ் செய்யாமல் அணைப்பது, வசன எழுத்தைப் பெரிதாக்காமல் கண்ணை இடுக்கிக்கொண்டு படிப்பது போன்றவற்றை எவரும் இரண்டு நாளில் தாமே திருத்திக்கொள்வார். கேமின் சுவையையே கெடுத்துவிடும் பிழைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எல்டன் ரிங்: முதல் பாஸிடமே முட்டிக்கொண்டு நிற்பது

ஃப்ரம்சாஃப்ட்வேரின் இந்த 2022-ஆம் ஆண்டுக் கேமில், தங்கநிற ஒளிக்கீற்று ஒன்று ஸ்டார்ம்வேல் கோட்டையின் திசையைக் காட்டும். அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்பவர்கள் நேராக மார்கிட் என்னும் பாஸிடம், அதாவது வழிமறிக்கும் பெரிய எதிரியிடம் போய் மாலை முழுவதும் அடிவாங்கி, பிறகு கேமையே மூடிவிடுகிறார்கள். தெற்கே வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போனால், அங்குள்ள தேவாலயங்களில் சேக்ரட் டியர் கிடைக்கும். அதைக் கொண்டு உங்கள் மருந்துக் குடுவையை மேம்படுத்தினால் அதன் ஒவ்வொரு மிடறும் கூடுதலாக உயிர் ஏற்றும். கிடைக்கும் புள்ளிகளை எல்லாம் தாக்கும் வலிமையில் கொட்டாமல், உயிர் அளவைக் கூட்டும் விகரிலும் போட வேண்டும். விகர் 40-ஐ எட்டும்போது உயிர் அளவு 1450 ஆகிவிடுகிறது. அதன்பின் 99 வரை ஏற்றினாலும் 2100-தான். ஆகவே முதல் 40 வரையிலான புள்ளிகளே அதிகம் தருகின்றன.

ஹாலோ நைட்: இறகுப் பேனா வாங்காமல் அலைவது

கேமுக்குள் புழங்கும் நாணயத்தில் 120 ஜியோதான். உடனே வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் நடந்து கண்ட இடங்கள் வரைபடத்தில் ஏறவே ஏறா.

அவுட்டர் வைல்ட்ஸ்: வழிகாட்டி வீடியோவைப் பார்த்துக்கொண்டே ஆடுவது

இந்தப் பிழையைப் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஏனெனில் மற்றவற்றுக்கெல்லாம் பரிகாரம் உண்டு, இதற்கு இல்லை. மோபியஸ் டிஜிட்டல் உருவாக்கி 2019-இல் வெளியான இந்தக் கேமில், ஒரு சின்னஞ்சிறு சூரியக் குடும்பத்தில் உங்கள் விண்கலத்தை எந்தக் கோளுக்கும் ஓட்டிப் போகலாம். 22 நிமிடங்களில் சூரியன் வெடித்து எல்லாம் அழியும். நீங்கள் தொடங்கிய இடத்திலேயே மறுபடி கண்விழிப்பீர்கள். இதில் பணம் சேர்ப்பதோ, ஆயுதம் வாங்குவதோ, லெவல் ஏறுவதோ கிடையாது. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு உங்களுடன் வருவது நீங்கள் தெரிந்துகொண்டவை மட்டும்தான். போகும் முறை தெரிந்தவர் ஒரே சுற்றில் கேமின் முடிவை எட்டிவிட முடியும் என்னும் அளவுக்கு, இங்கே தெரிந்துகொள்வதுதான் முழு ஆட்டமும்.

விடுமுறைக்கு வந்திருந்த என் சித்தப்பா மகனுக்கு இதைப் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், மானிட்டரின் அடியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, யாரோ ஒருவர் ஆடிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதே பாதையில் போய்க்கொண்டிருந்தான். அப்போது அவன் எம்பர் ட்வின் கோளின் குகைக்குள் இருந்தான். பக்கத்துக் கோளான ஆஷ் ட்வினிலிருந்து மணல் பெரிய தூணாக இறங்கி, அந்தக் குகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டிருந்தது. இங்கே மணல் ஏற ஏற, அங்கே புதையுண்டிருந்த கோபுரங்கள் வெளியே வரும். இரண்டையும் கண்ணால் கண்டு, எங்கே முன்னதாகப் போக வேண்டும், எங்கே பிற்பாடு போக வேண்டும் என்று தானாகக் கணக்குப் போடும் வேளையில்தான் இந்தக் கேம் ஒருவரைப் பிடித்துக்கொள்கிறது. அவனோ மணலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எந்தச் சுவரின் எழுத்தைப் படிக்க வேண்டும் என்பதைக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தான். "என்னண்ணா, இதுல ஒண்ணுமே நடக்கலையே" என்று மறுநாள் விட்டுவிட்டான். நடக்க வேண்டியது முழுவதும் ஆடுபவரின் மனத்துக்குள் நடக்க வேண்டியது. அதை வீடியோ எடுத்தவர் இவனுக்கு முன்பே நடத்தி முடித்துவிட்டார்.

எல்டன் ரிங்கில் ஒரு பாஸை வெல்லும் உத்தியை வீடியோவில் பார்த்தாலும், அதை விரல்கள் பழகியாக வேண்டும்; ஆட்டத்தில் பாதியாவது மிஞ்சும். இங்கே விடையைக் கேட்ட மாத்திரத்தில் ஆட்டம் தீர்ந்துபோகிறது. பத்தாண்டு கழித்துப் புதிய கணினியில் போட்டாலும் அந்த முதல் ஆட்டம் இனி அவனுக்குக் கிடைக்காது.

வழி புரியாமல் நிற்கும் நேரத்தில் செய்ய வேண்டியதைக் கேமே சொல்கிறது. விண்கலத்தின் பின்புறம் உள்ள கணினியில் நீங்கள் கண்டவை எல்லாம் கோடுகளால் இணைக்கப்பட்டிருக்கும்; இன்னும் பார்க்க மிச்சமுள்ள இடங்களில் அதற்கான குறிப்பும் இருக்கும். அதைப் பொறுமையாகப் படியுங்கள். அப்போதும் பிடிபடவில்லையென்றால் அந்தக் கோளை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போங்கள். ஒரு கோளின் புதிருக்குரிய விளக்கம் பெரும்பாலும் இன்னொரு கோளின் சுவரில்தான் எழுதியிருக்கும். யாரையாவது கேட்டே ஆக வேண்டுமென்றால், ஆடி முடித்த ஒருவரிடம் எந்தத் திசையில் தேடலாம் என்பதை மட்டும் கேளுங்கள். என்ன கிடைக்கும் என்று அவர் சொல்ல வாயெடுத்தால் நிறுத்திவிடுங்கள்.

ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்: ஊகித்தே கணக்கை முடிப்பது

லூகாஸ் போப் 2018-இல் தந்த இந்தக் கேமில், 1807-இல் ஆளின்றித் திரும்பிவரும் கப்பல் ஒன்றில் இருந்த 60 பேரின் பெயரையும் கதியையும் கண்டுபிடிக்க வேண்டும். சரியான விடைகளை மூன்று மூன்றாகத்தான் கேம் உறுதி செய்யும். இரண்டைச் சரியாக எழுதிவிட்டு மூன்றாவது இடத்தில் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்கள், ஒவ்வொருவரின் உடையிலும் பேச்சின் சாயலிலும் அவர் யார் பக்கத்தில் நிற்கிறார் என்பதிலும் ஆசிரியர் அவ்வளவு உழைத்து வைத்திருக்கும் தடயங்களைக் காணாமலே போகிறார்கள்.

செலஸ்ட், ஹேடீஸ்: உதவி வசதியை இயக்க வெட்கப்படுவது

வெட்கமே வேண்டாம். ஆட்டத்தை எளிதாக்கிக்கொள்ள, கேமைச் செய்தவர்களே ஆடுவோருக்காக வைத்த வசதி அது.

வெண்பா: விளையாடும் நேரத்தை வைத்து விலைபேசுவது

1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய இந்த 2023-ஆம் ஆண்டுக் கேம் ஒரே மாலையில் முடிந்துவிடும். இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வசனங்களைத் தட்டித் தட்டித் தள்ளியவர்கள்தான். குடும்பத் தலைவி வெண்பா தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைப்பதும், மகன் கவினுக்கும் வெண்பாவுக்கும் இடையில் பேச்சு குறைந்துகொண்டே வருவதும் நின்று படிப்பவருக்குத்தான் பிடிபடும்.