அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கைதிகளுக்கு வந்த கடித உறைகள்: சேகரிக்கத் தொடங்குவோருக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) சிறைப்பட்டவர்களுக்கு வந்த கடித உறைகளைச் சேகரிக்க விரும்புகிறவர், முதலில் ஒரே ஒரு முகாமைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. நான் பரிந்துரைப்பது ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரியில் உள்ள ஜான்சன்ஸ் தீவை. 1862 முதல் 1865 வரை அங்கே பெரும்பாலும் தென்தரப்பு (நாட்டிலிருந்து பிரிந்த தென்மாநிலங்களின்) படை அதிகாரிகளே அடைக்கப்பட்டிருந்தனர். கடிதம் எழுதிப் பழகிய குடும்பத்தினர் என்பதால், அம்முகாமின் உறைகள் மற்றவற்றைவிட அதிகமாகவே எஞ்சியுள்ளன. ஏறத்தாழ 45,000 வடதரப்பு (அமெரிக்க அரசுத் தரப்பு) வீரர்கள் அடைபட்டு, 13,000 பேர் வரை மாண்ட, தென்தரப்பின் ஆண்டர்சன்வில் முகாமின் உறைகளோ மிக அரியவை. போலிகளும் அந்தப் பெயரைத்தான் நாடும் என்பதால், புதியவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டாம்.

அடுத்து, கடிதம் சென்ற வழியைப் புரிந்துகொள்ள வேண்டும். எதிர்த்தரப்புக்குள் செல்லும் கடிதம் வெள்ளைக்கொடிப் படகின் வழியாக, பெரும்பாலும் வர்ஜீனியாவின் மன்றோ கோட்டையில் கைமாறியது. ஒரே பக்கம், குடும்பச் செய்தி மட்டும், உறை ஒட்டப்படாமல் இருக்க வேண்டும் என்பவை விதிகள். கைதியின் முகவரியிட்ட உறையை இன்னோர் உறைக்குள் வைத்து அனுப்பும் வழக்கமும் இருந்தது. வெளியுறை, அதில் ஒட்டிய மற்றத் தரப்பின் தபால்தலையோடு, தணிக்கையின்போதே கழித்துப் போடப்பட்டதால், உள்ளுறையில் ஒரு தரப்பின் தபால்தலை மட்டுமே இருப்பது குறையன்று. ஒரே உறையில் தென்தரப்பின் 10 சென்ட், வடதரப்பின் 3 சென்ட் தபால்தலைகள் இரண்டும் சேர்ந்து வந்தவற்றுக்கே மதிப்பு அதிகம். வடக்கிலேயே வாழ்ந்த உறவினர் எழுதியவற்றுக்கு 3 சென்ட் தலை மட்டும் போதுமானதாக இருந்தது. தொடக்கத்தில் அவற்றையே வாங்கலாம்.

ஓர் உறை கைக்கு வந்ததும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் நிதானமாகப் படியுங்கள். முகவரியில் பெயருக்குப் பின் பதவியும் ‘போர்க்கைதி’ என்ற குறிப்பும், சில வேளைகளில் கட்டடத் தொகுதி எண்ணும் இருக்கும். ஒரு மூலையில் தணிக்கையாளர் பேனாவால் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதிப் போட்ட சுருக்கொப்பம் தென்படலாம். சாதாரணக் கிறுக்கல் போலத் தோன்றும் அதுதான் உறை முகாமுக்குள் சென்றதற்குச் சான்று. தென்தரப்பிலிருந்து வந்ததாயின், மன்றோ கோட்டையை ஒட்டிய ஓல்டு பாயிண்ட் கம்ஃபர்ட் அஞ்சலகத்தின் வட்ட முத்திரையையும் தேடுங்கள்.

மோசடி பெரும்பாலும் தபால்தலையில்தான் நடக்கிறது. மலிவான உண்மை உறையொன்றில் தென்தரப்புத் தலையை ஒட்டிவிட்டால் விலை பல மடங்காகிவிடும் அல்லவா? முத்திரை மை தபால்தலையின் விளிம்பைத் தாண்டிக் காகிதத்திலும் தடையின்றித் தொடர்கிறதா என்று பாருங்கள். தென்தரப்பின் குடியரசுத் தலைவர் ஜெபர்சன் டேவிஸின் உருவத்தைச் செதுக்குத் தகட்டில் அச்சிட்ட 10 சென்ட் தபால்தலை 1863இல்தான் வெளிவந்தது. 1862ஆம் ஆண்டுக் கடிதத்தில் அது இருந்தால் விலகிவிடுங்கள். தென்தரப்பு முத்திரைகள் பலவற்றில் ஆண்டு இராது என்பதால், அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் படைப்பணிப் பதிவுகளில் அக்கைதி பிடிபட்ட நாள், மாற்றப்பட்ட முகாம், விடுதலையான நாள் ஆகியவற்றைத் தேடி ஒப்பிட வேண்டும். இந்தத் தேடலே இச்சேகரிப்பின் உயிர் என்பேன். முகவரியில் வெறும் பெயராக இருந்தவர் அதன் பின்னரே மனிதராகத் தெரியத் தொடங்குவார். விலை கூடிய உறையை, நியூயார்க்கின் ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் போன்ற நிபுணர் அமைப்பின் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள்.

தபால்தலையை எக்காரணம் கொண்டும் உறையிலிருந்து பிரிக்காதீர்கள். பிரித்தால் சான்று முழுவதும் அழிந்துபோகும். கிழிசலுக்கு ஒட்டுநாடா போடுவதும் கூடாது. அக்காலத்து இரும்பு மை நாளடைவில் காகிதத்தையே அரிக்கக்கூடியது. ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். ஆகவே பிவிசி கலக்காத பாலியஸ்டர் உறையில் தட்டையாக, வெளிச்சம் படாமல் வையுங்கள். நம் கடலோர ஊர்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் தேவை. உள்ளே கடிதம் இருந்தால் விரித்துத் தனி உறையில் இட்டு, இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்து, விற்கும்போதும் சேர்த்தே விற்க வேண்டும்.